ஒரிஜினல் படத்தை அழித்துவிடாதீர்கள்!

அண்மையில் என் உறவினர் ஒருவரின் தந்தை காலமானார். 16ஆம் நாள் காரியத்திற்குள் அவருடைய படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பிரேம் செய்து ஹாலில் மாட்ட வேண்டும் என்று குடும்பத்தினர் விரும்பினார்கள். நல்ல படம் ஒன்றும் இருந்தது. பேத்தியின் திருமணத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தபோது எடுத்தது. போட்டோ ஸ்டூடியோவில் அந்தப் பைலைத் திறந்து பார்த்தவர், "சார், இதைப் போஸ்ட்கார்டு சைஸுக்கு மேல போட்டா உடைஞ்சிடும். ஒரிஜினல் இருக்கா?" என்று கேட்டார்.

ஒரிஜினல் இல்லை. படம் எடுத்த பையன் அதை மொபைலில் உள்ள செய்திச் செயலி வழியாக அனைவருக்கும் அனுப்பிவிட்டு, "எல்லார்கிட்டயும்தான் இருக்கே" என்று தன் போனில் இருந்ததை அழித்துவிட்டான். எல்லாரிடமும் இருந்தது உண்மைதான். ஆனால் இருந்தது செயலி சுருக்கிய சிறிய பைல்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் தவறு இது. திரையில் நன்றாகத் தெரிந்தால் படம் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். கம்ப்யூட்டர் படத்தை எப்படிப் பதிந்து வைக்கிறது என்று தெரிந்தால் இந்த எண்ணம் மாறிவிடும்.

படம் என்பது எண்களே!

1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ், தன் மூன்று மாதக் குழந்தை வால்டனின் போட்டோவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். டிஜிட்டல் படங்களின் தொடக்கம் அதுதான். அகலத்தில் 176, உயரத்தில் 176 கட்டங்கள். மொத்தம் 30,976. இந்தக் கட்டத்தைத்தான் பிக்ஸெல் என்கிறோம். ஒவ்வொரு கட்டத்திற்கும் கறுப்பா, வெள்ளையா என்ற ஒரே ஒரு விடை. அதாவது 0 அல்லது 1. சாம்பல் நிறச் சாயல்கள் வேண்டும் என்பதற்காக, வெளிச்ச அளவை மாற்றி மாற்றிப் பலமுறை ஸ்கேன் செய்து அவற்றைச் சேர்த்தார்.

இன்றைய படங்களிலும் அடிப்படை இதுதான். கட்டங்கள் பெருகிவிட்டன. ஒவ்வொரு கட்டத்திற்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றையும் கலந்தால் 1,67,77,216 வண்ணங்கள் கிடைக்கும்.

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். 12 மெகாபிக்ஸெல் கேமராவில் எடுத்த படத்தில் 4000 x 3000 கட்டங்கள் இருக்கும். அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்ஸெல்கள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட். மொத்தம் 3 கோடியே 60 லட்சம் பைட். ஏறத்தாழ 36 எம்.பி. ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் அந்தப் பைல் 4 அல்லது 5 எம்.பி. தானே காட்டுகிறது? மீதி எங்கே போனது?

போனது திரும்பாது

1992ஆம் ஆண்டு தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக் என்ற முறை செய்யும் வேலை இது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நன்கு கவனிக்கும். வண்ணத்தின் நுண்ணிய வேறுபாட்டை அந்த அளவு கவனிக்காது. ஜேபெக் இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. படத்தை 8 x 8 பிக்ஸெல் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, கண் கவனிக்காது என்று கருதும் நுண்ணிய விவரங்களை நீக்கிவிடுகிறது. எவ்வளவு அழுத்திச் சுருக்குகிறோமோ அவ்வளவு விவரம் போகும். அதிகம் சுருக்கிய படத்தைப் பெரிதாக்கினால், சதுரம் சதுரமாகத் தெரிவது இந்த 8 x 8 கட்டங்கள்தான்.

ஜேபெக்கை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் மெமரி கார்டில் பாதிப் படங்கள் கூடக் கொள்ளாது. கேமரா ஒருமுறை சுருக்குவதால் பெரிய இழப்பு இல்லை. அதன் பின் நாம் செய்வதுதான் பிரச்சினை. செய்திச் செயலி படத்தின் நீள அகலத்தைக் குறைத்து, மீண்டும் சுருக்குகிறது. பெற்றவர் அதை எடிட் செய்து சேவ் செய்தால் இன்னொரு முறை இழப்பு. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். பைலைத் திறந்து பார்ப்பதாலோ, பென் டிரைவிற்குக் காப்பி செய்வதாலோ படம் கெடாது. எண்கள் அப்படியே போய்ச் சேரும். மாற்றிச் சேவ் செய்தால்தான் இழப்பு.

நம் உறவினரின் படம் 1280 x 960 பிக்ஸெல். நல்ல பிரிண்டிற்கு ஓர் அங்குலத்திற்கு 300 பிக்ஸெல் என்பது வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால் அகலம் 4 அங்குலத்தைச் சற்றே தாண்டும். அதையே 16 அங்குலத்திற்கு இழுத்தால் அங்குலத்திற்கு 80 பிக்ஸெல்தான். ஒரிஜினல் 4000 x 3000 இருந்திருந்தால் 13 அங்குலம் வரை தயங்காமல் போட்டிருக்கலாம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஏதேனும் ஒரு போட்டோவைக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். காப்பியைப் பெயிண்ட் புரோகிராமில் திறந்து, ரீசைஸ் சென்று 20 சதவீதமாக்கிச் சேவ் செய்து மூடுங்கள். மீண்டும் திறந்து 500 சதவீதமாக்குங்கள். அளவு பழையபடி வந்துவிடும். முகத்தில் இருந்த விவரங்கள் வராது.

"இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அது சரி செய்துவிடாதா?" என்று கேட்கலாம். இந்தப் புரோகிராம்கள் மங்கிய முகத்தைப் பளிச்சென்று ஆக்கித் தருகின்றன. ஆனால் பைலில் இல்லாத எண்களை அவை கண்டுபிடிப்பதில்லை. எண்ணற்ற படங்களைப் பார்த்துப் பழகியதைக் கொண்டு, இங்கே இப்படி ஒரு கண் இருக்கலாம், இப்படி ஒரு சுருக்கம் இருக்கலாம் என்று யூகித்து வரைகின்றன. அழகாக இருக்கும். ஆனால் அது உங்கள் அப்பாவின் கண் அல்ல. விளம்பரப் படத்திற்கு இது போதும். வீட்டில் மாட்டும் படத்திற்குப் போதாது என்பது என் கருத்து.

இடம் இல்லை என்ற சாக்கையும் நான் ஏற்க மாட்டேன். 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் 4 எம்.பி. அளவுள்ள படங்கள் சுமார் இரண்டரை லட்சம் கொள்ளும். இடம் வேண்டும் என்றால் தினமும் வந்து குவியும் காலை வணக்கப் படங்களை அழியுங்கள். குடும்பப் படத்தின் ஒரிஜினலில் கை வைக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

மாதம் ஒருமுறை கேமராவையோ மொபைலையோ கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, படங்களை "ஒரிஜினல்" என்று ஒரு போல்டரில் காப்பி செய்யுங்கள். அதன் இன்னொரு காப்பி வேறு ஒரு டிஸ்க்கில் இருக்கட்டும். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் காப்பியில் மட்டும். படத்தின் அளவு தெரிய, பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் டேபைப் பாருங்கள். முக்கியமான படத்தை யாருக்கேனும் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல், செயலியில் வசதி இருந்தால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். பைல் மாறாமல் போகும். பழைய பத்திரம், கடிதம் போன்றவற்றை ஸ்கேன் செய்தால் பிஎன்ஜி வகையில் சேவ் செய்யுங்கள். 1996இல் வந்த இந்த முறை எந்த விவரத்தையும் விடாமல் சுருக்கும். எழுத்தின் ஓரம் கலங்காது.

உறவினர் வீட்டு ஹாலில் இப்போது மாட்டியிருப்பது, பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஸ்கேன் செய்து பெரிதாக்கிய படம். அதில் அவர் சிரிக்கவில்லை. சிரிக்கும் படம் சிறிய பிரேமில் டிவி அருகே இருக்கிறது. வருபவர்கள் கிட்டப் போய்த்தான் பார்க்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் படங்கள் எந்த அளவில் இருக்கின்றன என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.