பசுமையை நாடி வருவோர் கடமை

சென்னையில் உத்தியோகம் பார்க்கும் நடுத்தரக் குடும்பத்தார், ஆயுளில் பெரும்பாலும் ஒருமுறையே செய்யக்கூடிய பெருஞ்செலவாகிய வீடு வாங்கும் காரியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அப்பேச்சு இந்நாளில் தாம்பரத்தைத் தாண்டி வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ரயில் பாதையை ஒட்டியே தெற்கு நோக்கிச் செல்கிறது. இதற்கு விலை மலிவு ஒன்றே காரணம் என்று முடிவு கட்டுவது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் தெரியாமல் ஆகாயம் தெரிய வேண்டும், குழந்தைகள் அச்சமின்றி ஓடியாட இடம் வேண்டும், மூத்தோர் மாலையில் உலாவ மர நிழல் வேண்டும், ஆயினும் ஜீவனத்துக்கு ஆதாரமான நகரத்தின் தொடர்பு அறுந்துவிடலாகாது என்று விரும்புகிறவர்கள் ஆடம்பரத்தை நாடுகிறவர்கள் அல்லர். ஆரோக்கியமான வாழ்வுக்கு அவசியமானதையே கேட்கிறார்கள்.

இவ்விருப்பம் நம் காலத்தில் தோன்றியதும் அன்று. இன்று கடைவீதிகளின் நெரிசலுக்குப் பெயர்பெற்ற தியாகராய நகர், 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து, பூங்காவும் அகன்ற வீதிகளும் வகுத்து நிர்மாணிக்கப்பட்டபோது, நகரத்தின் புறத்தே அமைந்த பசுமையான குடியிருப்பாகவே விளங்கியது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. ரயில் சென்ற வழியே ஜனங்கள் சென்றார்கள். சென்ற இடமெல்லாம் ஒரு தலைமுறைக்குள் நகரமாகி, அடுத்த தலைமுறை பசுமையைத் தேடி இன்னும் தெற்கே செல்ல நேர்ந்தது.

இப்பொழுது வண்டலூரைச் சுற்றி மனை விற்போர் எவற்றைக் காட்டி விற்கிறார்கள் என்று சிந்திக்க வேண்டும். 1985-இல் திறக்கப்பட்டு, ஏறத்தாழ 602 எக்டேரில் பரந்துள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, அதனை அடுத்த காப்புக் காடு, மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை, 2023-ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து நிலையம், புறநகர் ரயில், இவையனைத்துக்கும் மேலாக ஊர்தோறும் நிறைந்து நிற்கும் ஏரி. இவற்றுள் ஒன்றையேனும் மனை விற்கிறவர் உண்டாக்கவில்லை. சில சர்க்கார் பணத்தில், அதாவது பொதுமக்கள் செலுத்திய வரியில் எழுந்தவை. ஏரிகளோ பல நூற்றாண்டுகளாகக் கிராமத்துக் குடிகள் கரை கட்டி, மதகு பேணி, குடிமராமத்துச் செய்து காத்த சம்பத்து. பொதுவில் விளைந்த நன்மைக்குரிய விலை தனிப்பட்டோர் கைக்குச் செல்ல, அந்நன்மையைக் காக்கும் பொறுப்பு மட்டும் எவருக்கும் இல்லாது போவதே இன்றைய புறநகர் விஸ்தரிப்பின் பெருங்குறை என்பது என் அபிப்பிராயம்.

செங்கற்பட்டுச் சீமையின் ஏரிகள் தனித்தனியே நிற்பவை அல்ல. மேட்டு ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாகும். அது நிறைந்து அதற்கடுத்ததற்குச் செல்லும். நடுவிலுள்ள ஒரு கால்வாயை மனைப்பிரிவின் தெருவாக்கிவிட்டால், கோடையில் கீழ் ஏரி வறளும். ஐப்பசி, கார்த்திகையில் அதே நீர் தன் பழைய வழியைத் தேடி வீட்டுக்குள் புகும். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரைச் சுமந்து செல்லும் அடையாற்றின் கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அனுபவித்த துன்பத்தை அப்பகுதியார் மறக்கமாட்டார்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய வீட்டின் மாடியில் நின்று படகை எதிர்பார்த்தவர்கள், பசுமைக்கு ஆசைப்பட்டதனால் தண்டிக்கப்பட்டவர்கள் அல்லர்; நீரின் வழியை அறிந்திருந்தும் அவர்களுக்குச் சொல்லாதவர்களால் வஞ்சிக்கப்பட்டவர்கள்.

அப்படியானால் வீடு கட்டுவதையே நிறுத்திவிடலாமா என்று கேட்பார்கள். குடியிருக்க இடமின்றித் தவிக்கும் குடும்பங்கள் உள்ளவரை அப்படிச் சொல்ல எவருக்கும் யோக்கியதை இல்லை. நகரம் வளரட்டும், ஆனால் எதைத் தொடாமல் வளர்வது என்பது முதலில் நிச்சயமாக வேண்டும். இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்ட் என்பார் 1898-இல் தோட்ட நகரம் என்னும் திட்டத்தை வெளியிட்டபோது, நகரைச் சூழ்ந்த விளைநிலம் என்றென்றும் கட்டடமின்றிக் காக்கப்பட வேண்டும் என்றும், நிலத்தின் மதிப்பு உயர்வதால் வரும் லாபம் ஊருக்கே திரும்ப வேண்டும் என்றும் இரண்டு விதிகளை வற்புறுத்தினார். நம் விதிகளும் பெரிய மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலாக உள்ள நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது வெளியாக ஒதுக்கச் சொல்கின்றன. அது நல்லதே. ஆயினும் மனைகளுக்கு நடுவே ஒரு சிறு பூங்கா அமைத்து, மனைகளுக்கு வெளியே ஓர் ஏரியை இழப்பது லாபகரமான வியாபாரம் ஆகாது.

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியது, ஒவ்வோர் ஏரியின் எல்லையையும் வரத்துக் கால்வாயையும் கலங்கலின் போக்கையும் அளந்து கல் நட்டு, அந்த வரைபடத்தை எளிய தமிழில் எவரும் காணும்படி வெளியிட்டு, அதனைப் பாராமல் எந்த மனைப்பிரிவுக்கும் அனுமதி இல்லையென்று விதிப்பதாகும். தாம்பரத்துக்கு அப்பால் குறைந்துவிடும் புறநகர் ரயில்களை அதிகமாக்கி, நிலையத்திலிருந்து உட்புற நகர்களுக்குச் சிற்றுந்துகளை விடுவதும் அதனோடு சேர்ந்த கடமை. இல்லையேல் வீட்டுக்கொரு கார் வந்து, நாடி வந்த தூய காற்றையே கெடுக்கும்.

வாங்குவோருக்கும் பங்கு உண்டு. வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்ப்பதோடு நில்லாமல், கிராம வரைபடத்தையும், நிலத்தின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டையும் பார்த்து, தம் மனை முன்பு என்னவாக இருந்தது என்று விசாரிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் சென்று காண வேண்டும். பழைய ஊரில் பயிர் செய்த முதியோரிடம் நீர் போகும் வழி கேட்க வேண்டும். குடியேறிய பிறகு, நகர் நலச் சங்கத்தின் முதல் காரியமாகத் தெருவிளக்கை மட்டும் கொள்ளாமல், ஏரிக்கரையையும் கால்வாயையும் பழைய ஊராரோடு சேர்ந்து பேண வேண்டும். பத்திரப் பதிவினால் நமக்குக் கிடைப்பது சில நூறு சதுர அடி நிலம்தான். அந்நிலத்தை வாழத் தகுந்ததாக்கும் நீரும் நிழலும் என்றும் ஊருக்குச் சொந்தம். அவற்றைக் காக்க முன்வருகிறவரே அவ்வூரின் குடியாகும் உரிமையை முழுமையாகப் பெற்றவர் ஆவார்.