பொம்மைக் கடையைக் கொன்றது இணையமா?

“இணையம் வந்தது, பொம்மைக் கடை போனது, காலத்தின் கட்டாயம்” என்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். ‘டாய்ஸ் ஆர் அஸ்’ அமெரிக்காவில் தன் கடைகளை 2018-இல் மூடியது. அந்நிறுவனம்தான் 2000-இல் தன் இணைய விற்பனையை அமேசானிடம் ஒப்படைத்தது. 2005-இல் அதனை வாங்கிய முதலீட்டாளர்கள், அதற்காகப் பெற்ற பெருங்கடனை அதன் தலையிலேயே கட்டினர். வட்டி கட்டியே மெலிந்த கடை எவ்வாறு போட்டியிடும்? கடையை மூடியவை மனிதர் எடுத்த முடிவுகளே.

பெற்றோர்களே, நம் முடிவுக்கும் இதில் பங்குண்டு. இணையத்தில் பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுக்கிறோம். கடையில் குழந்தை தேர்ந்தெடுக்கிறது. தொட்டுப் பார்த்து, உருட்டிப் பார்த்து, ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டுவரக் கற்பதும் கல்வியே. வாசலுக்கு வரும் அட்டைப்பெட்டி அதனைக் கற்பிக்காது. நம் வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் பொம்மைக் கடைக்கு, இந்தப் பள்ளி விடுமுறையிலேனும் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம்.