தைலம் தேய்க்கும் முன் ஒரு கேள்வி!

ராத்திரி 9 மணி ஆனால் எனக்கு இன்னொரு டியூட்டி ஆரம்பிக்கும். அன்றைய கடைசிச் செய்தியை இணையத்தில் ஏற்றிவிட்டு, டல்லாஸில் இருக்கும் பெரியம்மா மகளுக்கு வீடியோ கால் போட வேண்டும். அங்கே அப்போது காலை 10.30. நான் கேள்வியை வாசிப்பேன். அக்கா பதில் சொல்வாள். தப்பாகச் சொன்னால் ஏன் தப்பு என்று அவளே எனக்கு விளக்க வேண்டும். அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

அக்கா இங்கே நாலரை வருடம் பிசியோதெரபி படித்தவள். திருநெல்வேலியில் மூன்று வருடம் வேலையும் பார்த்தாள். கல்யாணமாகி அமெரிக்கா போன பிறகு, அந்த டிகிரியை மட்டும் காட்டி அங்கே ஒரு நோயாளியைத் தொட முடியாது என்று தெரிந்தது. படிப்பை மதிப்பீடு செய்யக் கொடுக்க வேண்டும். பிறகு ‘என்.பி.டி.இ’ என்ற தேர்வில் பாஸாக வேண்டும். உரிமம் அதற்கு அப்புறம்தான்.

225 கேள்விகள், 5 மணி நேரம். ஒரு கேள்விக்கு 80 விநாடி! 200-லிருந்து 800 வரை போகும் மதிப்பெண்ணில் 600 எடுத்தால் பாஸ். வருடத்துக்கு 4 முறை நடக்கும். ஆனால், ஒருவர் வாழ்நாளில் 6 முறைதான் எழுத முடியும். அக்கா இரண்டை எழுதிவிட்டாள். இரண்டாவது முறை 12 மதிப்பெண்ணில் போனது. அன்றைக்கு அவள் போனையே எடுக்கவில்லை.

தெரிந்தும் தப்பான பதில்

“எல்லாத் தசையோட பேரும் தெரியும்டா. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, எந்த நரம்புன்னு தூக்கத்துல கேட்டாக்கூட சொல்லுவேன். ஆனா அவங்க கேக்குறது அது இல்லை” என்றாள் ஒருநாள்.

அப்படி என்னதான் கேட்கிறார்கள்? அன்று நான் வாசித்த கேள்வி இது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 6 நாள் ஆன நோயாளி. ஒரு கெண்டைக்கால் வீங்கி, சூடாக இருக்கிறது. தொட்டால் வலிக்கிறது. அடுத்த காலைவிட 3 செ.மீ-க்கு மேல் பருத்திருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஐஸ் வைக்கலாமா, மசாஜ் செய்யலாமா, பாதத்தை மேலே மடக்கி வலிக்கிறதா என்று பார்க்கலாமா, சிகிச்சையை நிறுத்திவிட்டு டாக்டருக்குச் சொல்லலாமா?

அக்கா மூன்றாவதைச் சொன்னாள். காலேஜில் மனப்பாடம் செய்த பரிசோதனை அது. ஆனால், அதை நம்பி ரத்தக்கட்டி இருக்கிறது, இல்லை என்று முடிவு செய்யக் கூடாது என்பதுதான் இன்றைய பாடம். சரியான விடை நான்காவது. காலின் ஆழமான ரத்தக்குழாயில் கட்டி உண்டாகியிருந்தால், அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். உயிருக்கே ஆபத்து.

இன்னொரு கேள்வி. நெஞ்சுப் பகுதியிலோ அதற்கு மேலோ தண்டுவடத்தில் அடிபட்ட ஒருவருக்குத் திடீரென்று மண்டை வெடிப்பதுபோலத் தலைவலி. முகம் சிவந்து வியர்க்கிறது. ரத்த அழுத்தம் எகிறுகிறது. நம் வீட்டில் என்ன செய்வோம்? ‘படுக்க வைங்க’ என்போம். நானும் அதைத்தான் சொன்னேன். தப்பு! உடனே நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கி அழுத்தம் குறையும். அடுத்து இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர் டியூப் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல நேரம் நிரம்பிப்போன சிறுநீர்ப்பைதான் காரணம். அது சரியாகாவிட்டால் அவசர சிகிச்சைதான்.

மூன்றாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘பீட்டா பிளாக்கர்’ மாத்திரை சாப்பிடும் இதய நோயாளி நடைப்பயிற்சி செய்கிறார். அவர் எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதை எதை வைத்துச் சொல்வது? நாடித்துடிப்பு என்றேன். அந்த மாத்திரை துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைக்குமாம். அதனால் ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணை நம்பி இன்னும் வேகமாக நடக்கச் சொல்லக் கூடாது. ‘எவ்வளவு கஷ்டமா இருக்கு?’ என்று அவரிடமே கேட்க வேண்டும். அதற்கென்றே 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது. 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. 20 என்றால் இதற்கு மேல் முடியவே முடியாது.

கவனித்தீர்களா? மூன்று கேள்வியிலும் மையம் ஒன்றுதான். இந்த நிமிடம் இவரைத் தொடலாமா, கூடாதா?

“அம்மா, தேய்க்காதே!”

போன மாதம் ஒரு வாரம் பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். ஆச்சிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து 9 நாள் ஆகியிருந்தது. ராத்திரி வழக்கம்போல நான் அக்காவுக்குக் கேள்வி வாசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஆச்சி, “கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கு தாயி” என்று அம்மாவிடம் சொல்வது கேட்டது. அம்மா தைல பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றிவிட்டாள்.

நான் கத்திய கத்தலில் பாட்டில் கீழே விழுந்தது.

அக்கா போனிலேயே ஆச்சியின் காலைக் காட்டச் சொன்னாள். தையல் மெஷின் டிராயரிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து இரண்டு காலையும் அளக்கச் சொன்னாள். வித்தியாசம் 3 செ.மீ-க்கு மேலே. “மூச்சு வாங்குதா ஆச்சி? நெஞ்சு வலிக்குதா?” என்று கேட்டாள். இல்லை. “சரி, தேய்க்காதீங்க, நடக்க வைக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

ராத்திரி 11 மணிக்கு ஸ்கேன். ரத்தக்கட்டி எதுவும் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் சாதாரண வீக்கம்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அம்மா என்னை முறைத்துக்கொண்டே வந்தாள். “ஒண்ணுமில்லாததுக்கு இந்த ஆட்டமா?” எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அக்காவிடம் சொன்னேன், “நம்ம விடை தப்பாப்போச்சுக்கா.”

“இல்லடா, சரியான விடை அதுதான்” என்றாள் அவள். “கட்டி இருக்கா, இல்லையான்னு சொல்றது ஸ்கேனோட வேலை. அது தெரியுற வரைக்கும் கையை வைக்காம இருக்கிறதுதான் என் வேலை. இத்தனை நாள் கேள்வியைப் பார்த்ததும் நோய் பேரைச் சொல்லப் பாத்தேன். அதுலதான் ரெண்டு தடவையும் கோட்டை விட்டிருக்கேன் போல.”

அடுத்த நாளிலிருந்து அவள் படிக்கும் விதமே மாறியது. ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொல்வதற்கு முன், “இவரைத் தொடலாமா?” என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்கிறாள்.

நம் வீட்டுக்கும் இது சிலபஸ்தான்

* அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, நாள்கணக்கில் படுக்கையில் இருந்த பிறகோ ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், தேய்க்கக் கூடாது. அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், 108.

* முதுகுவலியோடு சிறுநீர் வராமல் போனாலோ, கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, அது ‘நாளைக்குப் பார்க்கலாம்’ வகை வலி இல்லை. உடனே ஆஸ்பத்திரி.

* இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் உடற்பயிற்சி தொடங்கும்போது, பிசியோதெரபிஸ்டிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

அக்காவுக்கு அடுத்த தேர்வு ஜூலையில். ஆச்சி இப்போது வாக்கர் பிடித்துத் திண்ணை வரை நடக்கிறாள். தைல பாட்டில் பழைய இடத்திலேயேதான் இருக்கிறது. ஆனால், அதை எடுப்பதற்கு முன் அம்மா ஒரு நிமிடம் நின்று, “இன்ச் டேப் எங்கடா?” என்று கேட்கிறாள்.