கொப்பியிற் கிடந்த கடவுச்சொல்

கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள் கூடிய ஒருநாள் மகாநாடு ஒன்றிற்குச் சென்ற மாதம் போயிருந்தேன். மட்டக்களப்பு வாவிக் காற்று சாளரங்களின் வழியே தாராளமாக வீசிக்கொண்டிருந்த மண்டபம் அது. மின்சாரம் இருமுறை நின்றபோதும் எவருக்கும் வியர்க்கவில்லை. நான் கணினி ஆசிரியன் அல்லன், தமிழ் கற்பிப்பவன். கணினித் துறைத் தமிழ்ச் சொற்களைப் பற்றிக் கால்மணி நேரம் பேசவேண்டுமென்று நண்பர் ஒருவர் வற்புறுத்தியமையால், மறுக்கும் வகையறியாது ஒப்புக்கொண்டேன்.

காலைப் பொழுதெல்லாம் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பேச்சிலே கழிந்தது. பேசியவர்கள் கெட்டிக்காரர்கள். மாணவனுக்கு வேண்டிய கட்டுரையை எந்திரமே எழுதித் தரும், ஆசிரியருக்காக அதனைத் திருத்தியுந் தரும் என்றார்கள். அப்படியாயின் மாணவனும் நானும் வகுப்பறையில் என்ன செய்வது என்று கேட்க எண்ணினேன்; பகலுணவு வேளை நெருங்கிவிட்டமையால் அடக்கிக்கொண்டேன்.

என் முறை வந்தபோது விபுலாநந்த அடிகளிலிருந்து தொடங்கினேன். 1892 இல் காரைதீவிலே பிறந்து, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கிய அவரே, 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மகாநாட்டிற்குத் தலைமை வகித்தார். பௌதிகத்தையும் இரசாயனத்தையும் தமிழிற் சொல்ல முடியாது என்றவர்களுக்கு விடையாக, 1938 இல் ‘கலைச்சொற்கள்’ அச்சேறிற்று. ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்துக் கணினியின் பொருட்டு அதே வழக்கு மீண்டும் எழுந்தது. அப்பொழுதும் முன்னின்றவர் ஓர் ஆசிரியரே. சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராயிருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997 இல் முதலாவது தமிழ் இணைய மகாநாடு அந்நகரிலே கூடிற்று. 1999 இற் சென்னையிற் கூடியது இரண்டாவது. ‘தமிழ்99’ விசைப்பலகை பிறந்தது அதன் பயனாகவே. அவ்வாண்டிலேயே கோவிந்தசாமி மறைந்துபோனார்.

நம் நாடு 2008 இல் வேறு வழியே சென்று, தட்டச்சுப் பொறியின் வழிவந்த ரெங்கநாதன் விசைப்பலகையைத் தன் நியமமாக்கிக்கொண்டது. அது நிற்க. நம் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் வேரூன்றிய ‘பாமினி’ எழுத்துருவின் கதைதான் வேடிக்கையானது. அதிலே ‘அம்மா’ என்று அடித்தால், கணினியின் வயிற்றினுள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. அவற்றின்மேற் போர்த்திய தமிழ்ச் சட்டையே பாமினி. அவ்வெழுத்துரு இல்லாத கணினிக்கு அனுப்பினால் சட்டை கழன்றுவிடும். ஒருங்குறியிலோ தமிழுக்கென 128 இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கே அகரம் எங்குச் சென்றாலும் அகரமாகவே இருக்கும். இதைச் சொன்னபோது பலர் சிரித்தனர். பின்வரிசையில் இருந்த ஓர் ஆசிரியை மட்டுஞ் சிரிக்கவில்லை.

அவர் படுவான்கரையிலிருந்து வந்திருந்தார். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, பாதையேறி வாவியைக் கடந்தே நகருக்கு வந்து போனவராம். கேள்வி நேரத்தில் எழுந்து, கேள்வி கேளாமல், ஒரு சம்பவத்தைச் சொன்னார்.

அவரிடம் படித்த மாணவி ஒருத்தி உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றாள். பல்கலைக்கழக விண்ணப்பம் இணையவழியே செல்லவேண்டும். வீட்டில் இருந்த ஒரே கைத்தொலைபேசி விடியற்காலையில் தகப்பனாரோடு வயலுக்குப் போய்விடும். எனவே கடைத்தெருவிலுள்ள கொமினிகேசன் கடையொன்றிற்குப் போனாள். கடைக்காரர் உதவும் மனமுள்ளவர். மின்னஞ்சல் முகவரியைத் தாமே உருவாக்கி, தமது தொலைபேசி இலக்கத்தையே அதற்குக் கொடுத்து, கடவுச்சொல்லைத் தம் கொப்பியிற் குறித்துக்கொண்டு, விண்ணப்பத்தை ஒழுங்காக அனுப்பிவைத்தார். சில மாதங்களின் பின் கடையை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டுக் கட்டாருக்குப் போனார். கொப்பி என்னவாயிற்றென்று எவருக்குந் தெரியாது. அவளுக்கு இடங் கிடைத்த செய்தி அம்முகவரிக்கே வந்தது. அவள் அறிந்தபோது பதிவுக்குரிய நாள் கடந்துவிட்டது.

மண்டபத்திற் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் மூத்த ஆசிரியர் ஒருவர், “மின்னஞ்சல் நம்முடைய பாடத்திட்டத்தில் இருக்கிறதே, பிள்ளை?” என்று கேட்டார்.

“இருக்கிறது, சேர். அந்தக் கேள்விக்கு அவள் முழுப் புள்ளியும் எடுத்தவள்.”

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவைக் கணக்கிடும்போது, 5 முதல் 69 வயதுவரை உள்ளோரில் தாமாகவே கணினியைப் பயன்படுத்தவல்லாரைச் சேர்த்துக்கொள்கிறது. ஐந்து வயதுக் குழந்தை கணினியில் விளையாடினும் போதும் என்று அத்திணைக்களமே உதாரணங் காட்டுகிறது. டிஜிட்டல் எழுத்தறிவு எனின் கைத்தொலைபேசியும் அடங்கும். நாடு முழுவதையும் எண்ணுவோருக்கு இத்தகைய எளிய அளவுகோல் வேண்டியதே, அவர்கள்மேற் குறையில்லை. ஆனால் அந்த அளவுகோலின்படி நமது மாணவியும் எழுத்தறிவுடையவளே. தோணியில் ஏறி உட்காரத் தெரிந்தவனையெல்லாம் தோணியோட்டி என்று எண்ணிவிட்டு, நாம் கரையிலே நின்று கையசைத்துவிட்டோம். இப்பத்தியை வாசிக்கும் பெற்றோர், தம் பிள்ளையின் மின்னஞ்சற் கடவுச்சொல் யாருடைய கொப்பியில் உளது என்று இன்றே கேட்டறிதல் நன்று.

பிற்பகலுக்கென வைத்திருந்த செயல்முறை விளக்கம் கைவிடப்பட்டது. ஒன்பதாந் தர மாணவர் ஒவ்வொருவரும் முதலாந் தவணையிலேயே தமக்கென முகவரி திறந்து, கடவுச்சொல்லைத் தாமே தெரிந்து, ஆசிரியருக்கு ஒருங்குறித் தமிழில் ஒரு கடிதம் அனுப்பவேண்டும் என்று பேசி முடித்தார்கள். பதின்மூன்று வயது நிரம்பாதவர் தாமாகக் கணக்குத் திறக்கக் கூகிள் நிறுவனம் இடங்கொடாது. ஒன்பதாந் தரத்தைத் தெரிந்தமை அதனாலேயே. “கடவுச்சொல் என்றாற் பிள்ளைகளுக்கு விளங்காது, பாஸ்வேர்ட் என்றே சொல்லுவோம்” என்றார் ஓர் இளைஞர். கடவுச்சீட்டைக் கடையிலே விட்டுவிட்டு வருவார்களா என்று கேட்டுப் பாருங்கள், விளங்கும் என்றேன். கால்மணி நேரப் பேச்சில் நான் செய்யாததை அந்த ஒரு வசனம் செய்தது.

ஒரு சிக்கல் மட்டும் அவிழவில்லை. கணக்குத் திறக்கையிலும் கடவுச்சொல்லை மீட்கையிலும் சரிபார்க்கும் இலக்கம் ஒரு தொலைபேசிக்கு வரும். அது யாருடைய தொலைபேசி? தாயாருடையது என்றார் ஒருவர். “என் வகுப்பிலே பல பிள்ளைகளின் தாய்மார் குவைத்தில் இருக்கிறார்கள்” என்றார் படுவான்கரை ஆசிரியை. தகப்பனாருடையது எனின் அது வயலில் இருக்கும். ஆசிரியருடையது எனின், கடைக்காரர் கொப்பிக்கும் அதற்கும் வேற்றுமை யாது? கூட்ட அறிக்கையில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். நாலரை மணிப் பேருந்தைத் தவறவிடலாகாதென்று ஆசிரியை எழுந்தார். போகும்போது என் சொற்பட்டியலில் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.