பாதையின் உரிமையும் நமது கடைத்தெருவும்



கடந்த மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசலின் எதிரே சாலை அடைபட்டுக் கிடந்தது. தொழுகைக்கு வந்தோரின் இருசக்கர வாகனங்கள் இருபுறமும் இரண்டிரண்டு வரிசையாக நின்றன. நடுவே வெள்ளிமலையிலிருந்து வந்த பேருந்து நகர வழியின்றி நின்றது. பயணிகள் சாலையின் நடுவிலேயே இறங்கத் தொடங்கினர். புளி மூட்டையைத் தலையில் சுமந்த மலைவாழ் பெண்மணி ஒருவர் ஓரமாக நடக்க முயன்றார். கடையொன்றின் முன்னே நீட்டப்பட்டிருந்த தகரக் கூரை அவருடைய சுமையில் இடித்தது. மூட்டை சரிந்து சாக்கடை ஓரத்தில் விழுந்தது.

அந்தக் கடை பள்ளிவாசலின் வக்ஃப் சொத்து. அதன் வாடகை மதரஸாவின் செலவுக்கு வருகிறது. எனது ஊதியமும் அதில் அடக்கம். ஆகவே இக்கட்டுரையை வெளியே நின்று குறை கூறுபவனாக அல்லாமல், அக்குறையில் பங்குள்ளவனாகவே எழுதுகிறேன்.

அன்று மாலை ஒரு சட்டம் நினைவுக்கு வந்தது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில், பொதுப்பாதையின் மேல் கூரையோ மாடமோ நீட்டுவது பற்றிய பகுதி உண்டு. நடப்போருக்குத் தொல்லை தரும் எதையும் அங்கே அமைத்தல் கூடாது. நீட்டினாலும், அதன் கீழே ஒருவர் நிமிர்ந்து நடக்கும் அளவு உயரம் வேண்டும். வணிகக் கூட்டங்கள் செல்லும் பாதையாயின், பல்லக்குச் சுமந்த ஒட்டகம் இடிபடாமல் கடக்கும் அளவு உயரம் வேண்டும். பின்வந்த விரிவுரையாளர்கள் தலைச்சுமையோடு நடப்பவரையும் கணக்கில் கொண்டார்கள். பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. பாடத்தில் இருந்த தலைச்சுமையை அன்றுதான் தெருவில் கண்டேன்.

நமது ஊரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2019ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. ஆனால் கச்சேரி சாலையும் துருகம் சாலையும் காந்தி சாலையும் ஒரு தாலுகாவின் கடைத்தெருவாக வளர்ந்தவை. இன்று ஒரு மாவட்டத்தின் போக்குவரத்தை அவை தாங்குகின்றன. நான்முனைச் சந்திப்பில் மாலை வேளையில் சாலையைக் கடப்பது முதியவர்களுக்குப் பெரும் சோதனை. கடைத்தெருவைச் சீரமைக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. எவ்வாறு, யாருக்காக, யாரைக் கேட்டு என்பதில்தான் சிக்கல்.

நம்மவர்களிடம் இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்கிறேன். கடை வைத்திருப்போர் சிலர், “தள்ளுவண்டிகளையும் தரைக்கடைகளையும் அகற்றிவிட்டால் ஊர் சுத்தமாகிவிடும்” என்கின்றனர். வேறு சிலரோ, “இது நகராட்சியின் வேலை, அரசியல்வாதிகளின் வேலை, ஜமாஅத்துக்கு இதில் என்ன இருக்கிறது?” என்று ஒதுங்குகின்றனர். இரண்டும் தவறு என்பது எனது கருத்து.

ஒதுங்குவோருக்கு முதலில் சொல்கிறேன். பாதை என்பது மார்க்கத்துக்கு வெளியே உள்ள விஷயம் அன்று. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். தெருவோரங்களில் அமர்வதைத் தவிர்க்க இயலாது என்று தோழர்கள் கூறியபோது, அப்படியாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருத்தலை அவ்வுரிமைகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டார்கள். பாதையின் அகலத்தில் சர்ச்சை எழுந்தால் ஏழு முழம் விடும்படித் தீர்ப்பளித்தார்கள். இவையெல்லாம் ஆதாரபூர்வமான ஹதீஸ் நூல்களில் உள்ளவை. பாதைக்கும் ஓர் ‘ஹக்’ உண்டு என்றால், அதைப் பறிப்பவர் ஒரு தனி மனிதருக்கு மட்டும் கடன்படவில்லை. அவ்வழியே நடக்கும் ஒவ்வொருவருக்கும் கடன்படுகிறார். அத்தனை பேரையும் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்பது நம்மால் இயலுமா?

தரைக்கடைகளை விரட்டச் சொல்வோருக்கு கூஃபா நகரின் வரலாற்றை நினைவூட்டுகிறேன். ஹிஜ்ரி 17ஆம் ஆண்டு உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அந்நகர் அமைக்கப்பட்டது. பெருஞ்சாலைகளுக்கு 40 முழம், அடுத்தவற்றுக்கு 30, பிறகு 20, சந்துகளுக்கு 7 முழம் என்று அளவு வகுக்கப்பட்டதை இமாம் தபரீ (ரஹ்) தம் வரலாற்று நூலில் பதிவு செய்கிறார். அங்கே சந்தைக்கு இடப்பட்ட விதி பள்ளிவாசலின் விதியே. முதலில் வந்து அமர்ந்தவருக்கு அன்றைய வியாபாரம் முடியும்வரை அந்த இடம் உரியது. முன்வரிசையைப் பரம்பரைச் சொத்தாக எவரும் வைத்துக்கொள்ள முடியாது. ஏழை என்பதற்காக எவரையும் எழுப்பிவிடவும் முடியாது. சாலை அகலமாகவும் இருந்தது. சிறு வியாபாரிக்கு அமர இடமும் இருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்று நாம் ஏன் எண்ண வேண்டும்?

நமது நாட்டின் சட்டமும் இதையே கூறுகிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, முதலில் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். அது முடியும்வரை எவரையும் அகற்றலாகாது. இடங்களை முடிவு செய்வதில் பங்குபெறும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஊர் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரையான வியாபாரிகளுக்கு இடமளிக்கவும் சட்டம் வழிசெய்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நமது நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 52,000. அவ்வாறாயின் ஏறத்தாழ 1,300 குடும்பங்களின் உணவு இந்த ஒரு முடிவைச் சார்ந்துள்ளது.

கலந்து பேசாமல் போடும் திட்டம் என்னவாகும் என்பதற்குத் திருச்சியே சான்று. காந்தி மார்க்கெட்டின் நெரிசலைக் குறைக்க, கள்ளிக்குடியில் பெரும் பொருட்செலவில் வணிக வளாகம் கட்டி 2017இல் திறந்தார்கள். வியாபாரிகள் அங்கே செல்ல மறுத்தனர். கட்டடங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன; பழைய மார்க்கெட்டின் நெரிசலும் தொடர்ந்தது. கலந்தாலோசனையை முஃமின்களின் பண்பாக அல்லாஹ் குர்ஆனில் புகழ்ந்து கூறுவதன் பொருளை இத்தகைய அனுபவங்களே உணர்த்துகின்றன.

கலந்தாலோசனை என்றால் கடை முதலாளிகளும் அதிகாரிகளும் மட்டும் அமர்ந்து பேசுவதன்று. கல்வராயன் மலை மக்களுக்கு நமது கடைத்தெருதான் சந்தை, மருந்துக்கடை, பேருந்து நிலையம் எல்லாம். ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அம்மலை விடுபட்டு அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததே 1976இல்தான். புளியும் தேனும் சாமையும் கொண்டுவரும் அவர்கள் நமது வாக்காளர் பட்டியலில் இல்லை. ஆகவே அவர்களுக்காக எந்தக் கவுன்சிலரும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை.

ஊருக்குள்ளேயே நமது பார்வையில் படாதோரும் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது கருணாபுரத்தின் பெயரை நாடே அறிந்தது. அது மலையடிவாரத்தில் இல்லை. நமது நகரின் மையப்பகுதியில் உள்ளது. மாண்டவர்களில் பலர் கூலித் தொழிலாளர்கள். நமது கடைகளுக்கு மூட்டை சுமந்த கைகளும் அவற்றில் இருந்திருக்கலாம். முன்சாலையை அழகுபடுத்திவிட்டுப் பின்சந்தை மறந்துவிடும் திட்டத்தை ஊர் நலத் திட்டம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நமது ஜமாஅத்தார் முன் சில கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, வக்ஃப் கடைகளின் முகப்பை நாமே அளப்போம். எல்லையைத் தாண்டிய தகரக் கூரையையும் படிக்கட்டையும் அதிகாரிகள் வருமுன் நாமே அகற்றுவோம். வாடகை சற்றுக் குறையலாம். வக்ஃப் சொத்து ஓர் அமானத். பொதுப்பாதையைப் பறித்து அமானத்தைப் பெருக்க இயலாது. அதனால் எனது ஊதியம் ஒரு மாதம் தாமதமாகுமாயின் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டாவது, ஜும்ஆ நேரத்தில் வாகனங்களைச் சாலையில் நிறுத்துவதை நிறுத்துவோம். அருகிலுள்ள ஒரு காலி இடத்தைப் பேசி ஏற்பாடு செய்து, இளைஞர் நால்வரை முறைவைத்து நிறுத்தினால் போதும். நன்மை தேடி வந்த இடத்தில் பிறர் வழியை அடைத்துவிட்டுத் திரும்ப வேண்டாம்.

மூன்றாவது, கழிப்பறை. மக்கள் நடக்கும் பாதையிலும் அவர்கள் இளைப்பாறும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித் தரும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அதிகாலையில் மலையிலிருந்து இறங்கி மாலைவரை கடைத்தெருவில் இருக்கும் பெண்ணுக்கு ஒதுங்க இடமில்லாவிட்டால், அச்சாபத்தில் இடம் ஏற்படுத்தாத நமக்கும் பங்கிருக்குமோ என்று அஞ்சுகிறேன். நகராட்சியிடம் கேட்போம், அதுவரை வக்ஃப் இடத்தில் பெண்களுக்கென ஒன்றைக் கட்டி, மதம் பாராமல் அனைவருக்கும் திறந்துவைப்போம்.

நான்காவது, 2022ஆம் ஆண்டு முதல் நகர்ப்புற வார்டுகளிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அவற்றில் நமது பெண்களோடு சேர்ந்து கலந்துகொள்வோம். மதீனாவின் சந்தை விவகாரங்கள் சிலவற்றை ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணியிடம் உமர் (ரலி) அவர்கள் ஒப்படைத்ததாக ஒரு செய்தி உண்டு. அதன் வலிமை பற்றி அறிஞர்களிடையே பேச்சு இருப்பினும், சந்தையை அன்றாடம் அறிந்தவர்கள் பெண்களே என்பதில் ஐயமில்லை. அங்கே நமது கடைகளுக்காக மட்டும் பேசாமல், பேருந்து நிலையத்தின் அருகே மலை விளைபொருள் விற்க நிழலுள்ள இடம் வேண்டும் என்றும் கேட்போம்.

அன்று சரிந்த மூட்டையைச் சில இளைஞர்கள் தூக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்மணி ஒன்றும் கூறாமல் குனிந்து, கூரையைக் கடந்து சென்றார். நமது கூரையின் கீழே எவரும் குனிந்து செல்ல வேண்டிய நிலை இனி வராதிருக்கட்டும்.

பாதைக்குரிய உரிமையைப் பாதைக்கும், எளியோருக்குரிய உரிமையை எளியோருக்கும் கொடுத்து வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.