இரண்டு சக்கரத்தில் ஒகேனக்கல்

"மோட்டார் சைக்கிளிலா? அதுவும் ஒகேனக்கல்லுக்கா? ஏன், ஊரில் பஸ் ஓடவில்லையா?" என்று உங்கள் மாமியார் மோவாயில் கை வைத்தால் கோபித்துக் கொள்ளாதீர்கள், சகோதரிகளே! அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு நாம் பதில் தயார் செய்துகொள்ள வேண்டியதுதான்.

சேலத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறாராம். நெடுஞ்சாலையில் லாரிகளோடு போட்டி போடாமல், மேட்டூர் ஏரிப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் ஊர்ந்து ஒகேனக்கல் போய்ச் சேரவேண்டும் என்பது அவருடைய ஆசை. நாள்கூடக் குறித்துவிட்டார்: ஆடிப் பதினெட்டு! "போகலாமா? போவதானால் என்னென்ன ஏற்பாடு செய்யவேண்டும்?" என்று கேட்கிறார் இந்தச் சகோதரி.

தாராளமாகப் போகலாம். ஆனால் ஆடிப் பதினெட்டு வேண்டாம்.

பெருக்கைப் பார்க்கத்தானே அன்று போவது என்பீர்கள். வாஸ்தவம். ஒகேனக்கல்லில் அரசாங்கமே விழா நடத்துகிறது. ஜனக் கூட்டம் சொல்லி முடியாது. ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டி, கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி, அங்கே மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் ஒகேனக்கல் பாறைகளின் மேல்தான் வந்து விழவேண்டும். பத்திரிகையில் "விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி" என்று போடுகிறார்களே, அதைப் படித்துவிட்டு நாம் அடுத்த பக்கம் புரட்டிவிடுகிறோம். கொஞ்சம் நம் சமையலறைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அதாவது நம் வீட்டுக் குடத்தில் ஏறக்குறைய இரண்டு குடம். 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் வெள்ளம் வந்தபோது விநாடிக்கு 1,50,000 கன அடிக்கு மேல் போயிற்று. கண்ணை ஒரு தடவை மூடித் திறப்பதற்குள் மூன்று லட்சம் குடம்! அந்த நேரத்தில் ஐந்தருவி ஏது, சினி அருவி ஏது? பாறையே தெரியாது. எல்லாம் ஒரே செந்நிற வெள்ளம்.

தண்ணீர் ஏறினால் அதிகாரிகள் முதலில் பரிசலை நிறுத்துவார்கள். பிறகு குளிக்கவும் தடை போடுவார்கள். எனவே பிரயாணத்துக்கு நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தோடு பிலிகுண்டுலுவையும் பார்த்துக் கொள்ளுங்கள். பெயர் வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடக எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடம் அது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்ததே, அந்தத் தண்ணீரும் அங்கேதான் அளந்து விடப்படுகிறது. நீங்கள் புறப்படுவதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே ஒகேனக்கல் நீர்வரத்துச் செய்தியைக் கவனித்து வாருங்கள். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், ஓட்டல் அறைக்குக் கட்டிய பணம் போகட்டும், பிரயாணத்தைத் தள்ளி வையுங்கள்.

என்னைக் கேட்டால் தை, மாசி மாதங்கள் உத்தமம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கடுமையாக ஆரம்பித்திராது, அருவிகள் தனித்தனியாகப் பிரிந்து விழும். பொங்கல் விடுமுறையை மட்டும் விட்டுவிடுங்கள். சித்திரையில் போனால் பாறைகளைத்தான் அதிகம் பார்க்கலாம்.

இனி வழியைப் பார்ப்போம். சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர். முதல் நாள் அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். 1925-ல் தொடங்கி 1934-ல் முடித்த அணை அது; ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. பூங்காவையும் பதினாறு கண் மதகையும் பார்த்துவிட்டு, வறுத்த மீன் சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு, மாலை வெயிலில் கொளத்தூர்ச் சாலையைப் பிடியுங்கள். அங்கிருந்து பண்ணவாடிக்குப் பிரிந்து போகலாம். சாலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி, கடைசியில் ஏரிக்கரைப் பரிசல் துறையில் கொண்டுபோய் விடும்.

இந்தப் பண்ணவாடிக்காகவே நான் இரண்டாம் நாளைச் சிபாரிசு செய்கிறேன். அணை கட்டியபோது இங்கே இருந்த ஊர்கள் தண்ணீருக்குள் போயின. ஜனங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். கோயிலையும் மாதா கோயிலையும் கட்டிக்கொண்டு ஏற முடியுமா? நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருஷங்களில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தண்ணீருக்கு மேல் தலை காட்டுகின்றன. கரையில் நின்று பார்க்கும்போது மனசு என்னவோ செய்யும். யாரோ ஒரு பெண்மணி கோலம் போட்ட வாசலும் அந்தத் தண்ணீருக்கு அடியில்தானே இருக்கிறது!

எதிர்க் கரையில் தெரிவது நாகமரை, தர்மபுரி ஜில்லா. கண்ணுக்கு எட்டிய தூரம்தான். ஆனால் சாலை வழியாகப் போனால் ஏரியைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகவேண்டும். அதனால் இரு கரைக்காரர்களும் படகிலும் பரிசலிலும் போய் வருகிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் குறுக்கு வழி ஆசையில் வண்டியையும் படகில் ஏற்றலாமா என்று ஆரம்பிப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு. நமக்கு அது பழக்கமில்லை. மறுநாள் காலை மேச்சேரிக்குத் திரும்பி, பெரும்பாலை வழியாகப் பென்னாகரம் போகும் சாலையே நமக்குப் போதும். புளிய மரமும் கேழ்வரகு வயலும் ஆட்டு மந்தையுமாக நிதானமான சாலை. நேரம் இருந்தால் ஏரியூர்ப் பக்கம் ஒதுங்கி, நேற்றுப் பார்த்த ஏரியை நாகமரைக் கரையிலிருந்து இன்னொரு தடவை பார்க்கலாம்.

வழியில் யாராவது வீட்டுத் திண்ணையில் தண்ணீர் கேட்டுக் குடித்தால், அதற்கும் ஒரு கதை உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் வலி என்று ஒரு தலைமுறையே கஷ்டப்பட்டது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். நாம் வேடிக்கை பார்க்கப் போகிற அருவி, இவர்கள் வீட்டில் குடத்துத் தண்ணீர்.

இப்போது பின் ஸீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குச் சாலையைக் கவனிக்கவே சரியாக இருக்கும். கடிகாரமும் வானமும் பெட்ரோலும் உங்கள் பொறுப்பு. ஆகையால், "நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமையும் உங்களுடையது. இதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை இறங்கிக் காலை நீட்டவேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் இருவருக்கும், "பின்னால் இருப்பவளுக்கு எதற்கு?" என்று சட்டமே கேட்பதில்லை, நாம் ஏன் கேட்கவேண்டும்? குழந்தையை நடுவில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் உதவாது. ஓட்டுகிறவரைத் தவிர ஒருவருக்குத்தான் வண்டியில் இடம். குழந்தையைப் பாட்டியிடம் விட்டுப் போங்கள், பாட்டிக்கும் சந்தோஷம்.

சேலையா, சுடிதாரா? நான் பழைய காலத்து மனுஷிதான். ஆனாலும் இந்தப் பிரயாணத்துக்குச் சுடிதார் என்றே சொல்வேன். பின் சக்கரத்தில் துணி சிக்காமல் பாதிச் சக்கரத்துக்காவது மறைப்பு இருக்கவேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கால் வைக்கப் படியும் இருக்கவேண்டும் என்று நம் நாட்டு மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. நாம் சாரி கார்டு என்கிறோமே, அதுதான். அழகு கெடுகிறது என்று சில இளைஞர்கள் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தால் மலை வளைவுகளில் வண்டி சாயும்போது ஓட்டுகிறவருக்குச் சிரமம்; இரு பக்கமும் கால் போட்டு உட்கார்வதே க்ஷேமம்.

மலை வளைவு என்றேனே, அது பென்னாகரத்துக்கு அப்பால் வருகிறது. பென்னாகரத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு புறப்பட்டால் ஒகேனக்கல் 16 கிலோமீட்டர். காட்டுக்குள் இறக்கம். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். கீழ் கியரில் போட்டு இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கவேண்டும். ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு அந்த வசதி குறைவு. அவர்கள் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பிரேக்கை ஆறவிட்டு இறங்கட்டும்.

"வீரப்பன் காடாயிற்றே!" என்று இன்னும் பயப்படும் பெரியவர்கள் உண்டு. அந்தக் கதை 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே முடிந்துபோயிற்று. இப்போது அங்கே கவனிக்கவேண்டியது யானைகளைத்தான். ஓசூர்க்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக வருகிறார்கள். சுருக்கு வழி, அழகான வழி, ஆனால் வன விலங்குச் சரணாலயத்தின் ஊடே போகும் வழி. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பொழுது சாய்ந்த பிறகு அந்தக் காட்டில் இரு சக்கர வண்டி வேண்டாம். டெலிபோனில் சிக்னல் இருக்கும் என்றும் நம்பாதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் பையை வண்டியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். குரங்குகள் நம்மைவிடச் சாமர்த்தியசாலிகள். மீன் சாப்பிடும் குடும்பமானால் ஒன்று சொல்கிறேன்: மீனை நீங்கள் வாங்கிக் கொடுத்தால், குழம்பும் வறுவலும் செய்து தரும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். பேரம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் ரொம்பவும் இழுக்காதீர்கள். ஆற்றில் தடை போட்ட வாரங்களில் அவர்களுக்கும், பரிசல் ஓட்டிகளுக்கும், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்கும் அடுப்பு எரிவதே கஷ்டம்.

அந்தக் கஷ்டத்தினால்தான் ஆபத்தும் வருகிறது. தடை இருக்கும் நாளில் யாராவது மெல்ல வந்து, "அம்மா, அந்தப் பக்கத் துறையிலிருந்து கூட்டிப் போகிறேன், சட்டை எல்லாம் எதற்கு?" என்று கூப்பிடலாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம் நம்மையும் தள்ளும். மூங்கில் கூடை போன்ற பரிசல் அது. பழைய நாளில் தோல் கட்டினார்கள், இப்போது பிளாஸ்டிக்கும் தாரும். சாதாரண நாளில், அனுமதித்த துறையில், மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, கணக்குக்கு மேல் ஆள் ஏற்றாமல் போனால் ஆனந்தம். வெள்ள நாளில் பாறை எது, சுழல் எது என்று அனுபவசாலிக்கே தெரியாது. அவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுங்கள்; பரிசலில் மட்டும் ஏறாதீர்கள். நான் மேட்டூரையும் பண்ணவாடியையும் பிரயாணத்தில் சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆறு கதவைச் சாத்தினாலும், பார்த்த ஏரி கையில் இருக்கிறதல்லவா?

தடை இல்லாவிட்டால் காலையிலேயே பரிசலை முடித்துவிட்டு, தொங்கு பாலத்தில் நின்று நீர்ப் புகையைப் பாருங்கள். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. புகையும் கல்தான் ஒகேனக்கல். ஈரத் துணியை மாற்றி, சாப்பாட்டை முடித்து, மணி மூன்றுக்கெல்லாம் வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள். வெளிச்சத்திலேயே மலை ஏறிவிட்டால், பென்னாகரம், இண்டூர் வழியாகத் தர்மபுரியில் மாலைக் காப்பிக்குச் சரியாக இருக்கும்.