யாரோ, ஏதோ, ஒருவரும்: டச்சு மொழியின் தலைவாசலில் சில சொற்கள்

அயல்மொழியின் தொடக்கப் பாடங்கள் பெரும்பாலும் பெயர் தெரிந்தவர்களைப் பற்றியே பேசுகின்றன. நான், நீ, அவன், அவள். என் வீடு, உன் மிதிவண்டி. ஆனால் ஆம்ஸ்டர்டாமிலோ உட்ரெக்ட்டிலோ புதிதாக வந்து இறங்கியவருக்கு முதல் வாரத்தில் சொல்ல நேர்பவை வேறு. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஏதோ கடிதம் வந்திருக்கிறது. எங்கும் கிடைக்கவில்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. இவை எதிலும் இன்னார் என்று சுட்டத்தக்க ஆளுமில்லை, இன்னது என்று சுட்டத்தக்க பொருளுமில்லை. இச்சொற்களைச் சுட்டாப் பெயர்கள் என்று இங்கே வைத்துக்கொள்வோம். டச்சுப் பாடநூல்கள் பலவும் இவற்றைப் பின்னொரு பாடத்தில் கட்டம் போட்ட அட்டவணையாக வைத்து முடித்துவிடுகின்றன. முதல் மாதத்திலேயே, வாக்கியத்தோடு சேர்த்து, இவற்றைக் கற்பிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

இது இலக்கண ஆர்வலர்களின் வீண் விவாதமன்று. நெதர்லாந்தில் 2022 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த குடியேறிகள் சட்டம், மொழித் தேர்ச்சியின் பொதுவான இலக்கை ஏ2 நிலையிலிருந்து பி1 நிலைக்கு உயர்த்தியது. ஒரு சொல் பிசகினால் தேர்வில் மதிப்பெண் மட்டுமே போகும். அலுவலக மேசையின் முன் சொல்ல வந்த செய்தியே தலைகீழாகிவிடும்.

அட்டவணை என்னவோ அழகானதுதான். ஈமன்ட் என்றால் யாரோ, நீமன்ட் என்றால் ஒருவருமில்லை. ஈட்ஸ் என்றால் ஏதோ, நீட்ஸ் என்றால் ஒன்றுமில்லை. எர்ஹன்ஸ், எங்கோ, நெர்ஹன்ஸ், எங்குமில்லை. ஓய்ட், எப்போதோ, நோய்ட், ஒருபோதும் இல்லை. முன்னால் ஒரு நகர ஒலி ஏறினால் உண்மை இன்மையாகிறது. கற்பவர் பத்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடுவார். (டச்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் அடக்குவது அரைகுறை வேலை, வாசகர் பொறுத்தருள்க.)

சிக்கல் வாக்கியத்தில்தான் தொடங்குகிறது, குறிப்பாகத் தமிழருக்கு. தமிழில் எதிர்மறை வினையில் குடியிருக்கிறது. 'யாரும் வரவில்லை' என்பதில் 'யாரும்' தன்னளவில் இன்மையைச் சொல்வதில்லை, 'வரவில்லை'தான் சொல்கிறது. டச்சில் இன்மை முழுவதையும் நீமன்ட் என்ற சொல்லே சுமந்துவிடுவதால் வினை உடன்பாடாகவே நிற்கும். தமிழ் மனம் வினையை மறுத்தால்தான் நிம்மதி கொள்ளும். எனவே அது 'ஈமன்ட்' என்று தொடங்கி, இல்லை என்னும் பொருள் தரும் 'நீட்' என்ற சொல்லை இறுதியில் வைக்கிறது. கிடைக்கும் வாக்கியம் இலக்கணப்படி சரியானது. பொருளோ வேறு: குறிப்பிட்ட யாரோ ஒருவர் வரவில்லை, மற்றவர்கள் வந்திருக்கலாம். 'யாரும் எனக்குச் சொல்லவில்லை' என்று முறையிட வந்தவர், 'ஒருவர் மட்டும் எனக்குச் சொல்லவில்லை' என்று முறையிட்டுத் திரும்புகிறார். எச்சரிக்கையாக நீமன்ட், நீட் இரண்டையும் சேர்த்துப் போட்டாலோ, பொதுவழக்கு டச்சில் எல்லோரும் வந்தார்கள் என்று பொருள்படும்.

இங்கே கொஞ்சம் வரலாறு சொன்னால் கற்பவருக்கு ஆறுதலாக இருக்கும். இடைக்கால டச்சில் இரட்டை எதிர்மறை இயல்பான வழக்கு. மேற்கு ஃபிளாண்டர்ஸ் வட்டாரப் பேச்சில் அதன் எச்சம் இன்றும் உண்டு. டச்சிலிருந்து கிளைத்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் நீமன்ட் என்று தொடங்கிய வாக்கியம் இறுதியில் இன்னொரு 'நீ' பெற்றே முடியும். இன்னும் சுவையானது, 'நீட்' என்ற சொல்லே ஒரு காலத்தில் 'ஒன்றுமில்லை' என்ற சுட்டாப் பெயராக இருந்து தேய்ந்து வெறும் 'இல்லை' ஆனது. பிறகு 'ஒன்றுமில்லை'க்குத் தனிச்சொல் வேண்டியிருந்ததால் சகரம் சேர்ந்த நீட்ஸ் நிலைபெற்றது. தமிழர் செய்யும் தவறு அறிவீனமன்று. மொழிகள் பலவும் நடந்து பார்த்த பாதைதான்.

அடுத்தது எழுவாய். தமிழ் எழுவாயைத் துறந்துவிட்டு நிம்மதியாக வாழும் மொழி. 'இங்கே புகைக்கக் கூடாது', 'முன்பே பதிவு செய்ய வேண்டும்', 'மழை வருமென்கிறார்கள்' என்பவற்றில் யார் என்ற கேள்வியே எழுவதில்லை. டச்சு அந்த நாற்காலியைக் காலியாக விடாது. ஆளில்லாவிட்டால் 'எர்' என்ற சொல்லையாவது உட்கார வைக்கும். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்பதற்கு 'எர்' என்று தொடங்கி, பின்னர்தான் ஈமன்ட் வரும். ஈமன்ட் என்ற சொல்லை மட்டும் தனியே கற்றவர் வாக்கியத்தின் முதல் சொல்லிலேயே தடுமாறுவார். வினையும் ஒருமையில் இருக்கும். முகம் தெரியாத ஆளுக்கும் 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று மரியாதைப் பன்மை கொடுத்துப் பழகியவர்களுக்கு இது சற்று வறட்சியாகத்தான் தோன்றும். 'எல்லோரும்' என்னும் ஈடரேன்கூட ஒருமைதான்.

பொதுப்பட யாரையும் குறிக்க டச்சில் மூன்று சொற்கள் உண்டு: மென், யெ, ஸெ. இவற்றில் மென் என்பதையே இலக்கண நூல் முதலில் நிறுத்தும். ஆள் என்னும் பொருள்தரும் 'மன்' தேய்ந்து பிறந்த சொல் அது. எழுத்துக்கும் மேடைக்கும் உரியது. தொல்காப்பியத்தின் 'என்ப', 'என்மனார்' ஆகியவற்றில் ஊறிய நம்மைப் போன்றவர்களுக்கு அதன்மேல் மோகம் வருவது இயல்பு. ஆயினும் காய்கறிக் கடையில் மென் போட்டுப் பேசுகிறவர், நம் ஊர்ச் சந்தையில் 'என்மனார்' என்று பேசுகிறவருக்கு ஒப்பானவர். படிக்கும்போது புரிந்தால் போதும். முதலாண்டில் வாயில் வர வேண்டியதில்லை.

வாயிலும் காதிலும் வேண்டியது யெ. நேர்ப்பொருள் 'நீ'. ஆனால் அன்றாடப் பேச்சில் பாதி நேரம் அது எதிரில் இருப்பவரைக் குறிப்பதேயில்லை. 'யாருக்குத் தெரியும், எப்படியும் ஆகலாம்' என்ற பொருளில் டச்சுக்காரர்கள் சொல்லும் 'யெ வேட் மார் நோய்ட்' என்ற தொடரில் யெ உலகத்தார் அனைவரும்தான். கால்பந்து வீரர் யோஹன் கிரைஃப் (1947–2016) தம்மைப் பற்றிச் சொல்லும்போதே யெ என்று பேசும் பழக்கத்துக்குப் பெயர்போனவர். அதுவரை மரியாதையாகப் பேசிய அதிகாரி திடீரென்று யெ என்றதும், நீ, நீங்கள் வேறுபாட்டில் வளர்ந்த தமிழர் தம்மை ஒருமையில் விளித்துவிட்டதாக மனம் புண்படுகிறார். 'யெ நிறைய வரி கட்டுகிறாய்' என்பது குற்றச்சாட்டாகக் காதில் விழுகிறது. 'இங்கே எல்லோருக்கும் வரி அதிகம்' என்று அவர் அலுத்துக்கொண்டது புரிவதில்லை. பிரித்தறிய ஒரு வழி உண்டு: அழுத்தம் பெற்ற 'யெய்' என்றால் பெரும்பாலும் எதிரில் இருப்பவரையே குறிக்கும், பொதுப்பொருள் தருவது அழுத்தமற்ற யெ மட்டுமே. இந்த ஒரு பாடத்தை முதல் வாரத்தில் சொல்லித் தந்தால் எத்தனையோ மனத்தாங்கல்கள் தவிரும். ஸெ நமக்கு எளிது. 'ஸெ ஸெஹ்ஹென்' என்பது அப்படியே நம் 'சொல்கிறார்கள்'.

இலக்கிய வாசகர்களுக்கென்று ஒன்று. ஈட்ஸ், நீட்ஸ் ஆகியவற்றின் பின்னால் பண்புச்சொல் வந்தால் அது இறுதியில் சகரம் பெறும். அழகு என்னும் 'மோய்', 'ஈட்ஸ் மோய்ஸ்' ஆகும். அழகான ஏதோ ஒன்று. வழக்கொழிந்த பழைய வேற்றுமை உருபின் எச்சம் இந்தச் சகரம். முன்பு 'அழகில் ஏதோ ஒரு பங்கு' என்பதுபோல் பொருள்பட்டது. மொழியில் வேற்றுமை உருபுகள் ஏறக்குறைய உதிர்ந்துவிட்ட பிறகும், கடையில் 'சுவையாக ஏதாவது' கேட்கிற சிறுவன் நாவில் அது வாழ்கிறது. விதியாகச் சொன்னால் சுமை. கதையாகச் சொன்னால் மறக்காது.

விட்டுவிட வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். 'சிலர்' என்பதை சொம்மிஹெ என்று எழுதுவதா, இறுதியில் நகரம் சேர்த்து சொம்மிஹென் என்று எழுதுவதா என்பதற்கு ஒரு விதி உண்டு. ஆட்களைக் குறிக்க வேண்டும், தனித்து நிற்க வேண்டும், பக்கத்தில் அதற்குரிய பெயர்ச்சொல் இருக்கக் கூடாது. அப்போது நகரம் வரும். நெதர்லாந்தில் பெரும்பாலோர் பேச்சில் அந்த நகரத்தை உச்சரிப்பதே இல்லை. நன்கு படித்த டச்சுக்காரர்களும் எழுதும்போது இதில் ஒரு கணம் தயங்குவதுண்டு. இதைத் தொடக்கநிலை வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்துகிறவர்கள், அந்த ஒரு மணியை யெ என்ற சொல்லுக்குக் கொடுக்கலாம்.